செங்கொடியோட ஏழு நம்பரு ஷூ

அல்லாருக்கும் வணக்கம் கண்ணுங்களா. இன்னா, சோக்கா கீறீங்களா? சளி, ஜொரம்னு ஒண்ணும் இல்லியே? யாருக்குனா முட்டி வலி, குதிகாலு வலி இருந்துச்சின்னா நின்னுகினு படிக்காதீங்க. ஒக்காந்துகினு காலத் தூக்கி ஒரு ஸ்டூலு மேல போட்டுக்கோங்க. இது காலு கததான், படிக்க படிக்க ஒங்க காலு ஒங்களுக்கு ஞாபகம் வந்துரும்.

ரெண்டாயிரத்து ரெண்டுல நடந்துச்சி. தண்டையார்பேட்டைல ஒரு அவுசிங் போர்டு, அதுல மூணாவது மாடில செங்கொடின்னு ஒரு பொண்ணு. இருவத்தாறு வயசு. அவ நைனா கட்சி கட்சின்னு கொடி புடிச்சிகினு திரிஞ்ச ஆளு, பொறந்த கொயந்தைக்கி கொடியவே பேரா வெச்சிட்டாரு. புருசன் ஜெயவேலு, விம்கோ நகருல ஒரு பட்டறைல வெல்டரு. மூணு வயசுல ஒரே பொண்ணு, எழில்மொழி. வூட்ல மாமியா பட்டம்மாளும் கீறாங்க.

ஜெயவேலு பட்டறைல அப்போ வேல கொறஞ்சி போச்சி. வாரத்துல மூணு நாளு கூப்புடுவாங்க, மிச்ச நாளு வூட்ல படுத்துகினு ஃபேனு சுத்தறத பாத்துகினு கெடப்பான். அந்த நேரத்துலதான் எண்ணூரு போற வழில ஒரு கண்டெய்னர் யார்டுல பொம்பள செக்யூரிட்டி எட்டு பேரு எடுக்கறாங்கன்னு சேதி வந்துச்சி. மாசா மாசம் சம்பளம், பி.எஃப்பு, யூனிபாரம். செங்கொடி பன்னெண்டாவது பாஸு. எழுத்து பரீட்ச எய்திட்டா, ஆபீசுல கூப்ட்டு கேட்டதுக்கெல்லாம் பதிலு சொல்லிட்டா. மிச்சம் ஒண்ணே ஒண்ணு, ஓடணும்.

ரெண்டு கிலோமீட்டரு, பதிமூணு நிமிசம். அதுக்கு ஒரு காயிதம் குட்தாங்க. அதுல ஷூ போட்டுகினுதான் ஓடணும், சொந்த ஷூவா இருக்கணும், காலுக்கு சரியா இருக்கணும், எரவல் ஷூ போட்டுகினு வர்றவங்கள வுட மாட்டோம்னு போட்டிருந்துச்சி. மின்ன ஒரு தபா எவளோ அண்ணன் ஷூவ போட்டுகினு வந்து சிமெண்டு தரைல வியுந்து கைய ஒடச்சிகினாளாம், அதுலேந்து அந்த ரூலு. அப்பால இன்னொண்ணு, இருவத்தேழு வயசு ஆயிட்டா எடுக்க மாட்டாங்க. செங்கொடிக்கு ஓட்டம் முடிஞ்ச ஒம்போதாவது நாளு இருவத்தேழு. இந்த தபா உட்டா அப்பால கெடையாது. அவுளுக்கு அது தெரியும், வூட்டுக்கும் தெரியும்.

அஞ்சி வாரம் இருந்துச்சி. காலைல அஞ்சி மணிக்கி எய்ந்து பக்கத்துல கீற கார்ப்பரேசன் கிரவுண்டுல செருப்ப அவுத்து உட்டுட்டு வெறுங்கால்ல ஓடுவா. மண்ணு தர. காலுக்கு ஒரு கொறையும் இல்ல. மூச்சிதான் வாங்கும். ரெண்டு வாரத்துல பதினாலு நிமிசத்துக்கு வந்துட்டா. இன்னும் ஒரு நிமிசம்தான்.

அப்போ ஜெயவேலு ஒரு நாளு பட்டறைலேந்து வரும்போது கைல ஒரு டப்பா எத்துகினு வந்தான். தொறந்தா ஷூ. வெள்ள கலரு, சைடுல ரோசு கோடு.

"இன்னா மாமா இது, சொல்லவே இல்ல?" ன்னா செங்கொடி.

"சொல்லிட்டு வாங்கனா அது இன்னாத்துக்கு? போட்டு பாரு. அஞ்சி நம்பரு."

"நம்பரு ஒனக்கு எப்பிடி தெரியும்?"

"ஏய், ஒன்ன கட்டிகினு வரும்போதே தெரியும். மறந்துருவனா?"

அது எப்பிடின்னா, கல்யாணத்துக்கு மாப்ள வூட்ல பொடவையோட செருப்பும் வெக்கணும். பொண்ண கடைக்கி இட்னு போவ மாட்டாங்க. தொடப்பத்துலேந்து ஒரு ஈர்க்குச்சிய உருவி, ஒக்காந்துகினு கீற பொண்ணு காலுகிட்ட வெச்சி, கட்ட வெரலு நுனில பட்டுனு ஒடச்சி, அந்த குச்சிய கடைல குடுப்பாங்க. கடைக்காரன் குச்சிய செருப்பு மேல வெச்சி பாத்துட்டு நம்பரு சொல்லிடுவான். ஆறு வருசத்துக்கு மின்ன பட்டம்மா அப்பிடி ஒடச்ச குச்சிக்கி அஞ்சி நம்பரு. குச்சி எங்கயோ போச்சி, நம்பரு மட்டும் ஜெயவேலு தலைல நின்னுகிச்சி. பொண்டாட்டி பொறந்த தேதி கேட்டா முய்ப்பான், காலு நம்பரு கேட்டா டக்குனு சொல்லுவான்.

செங்கொடி போட்டா. உள்ள போச்சி. கொஞ்சம் புடிச்சா மாதிரி இருந்துச்சி.

"புதுசு இல்ல, அப்பிடிதான் இருக்கும். போட போட தளந்துரும்"னு பட்டம்மா சொன்னாங்க. யார்டு சிமெண்டு தரன்னுட்டு, குடோனுங்க பக்கத்துல கீற சிமெண்டு ரோட்ல ஓடச் சொன்னான் ஜெயவேலு. ஓடனா.

மூணாவது நாளு கட்ட வெரலு நகம் கருத்துகிச்சி. அஞ்சாவது நாளு சுண்டு வெரலு பக்கத்துல கொப்புளம். ஒரு வாரத்துல குதிகாலு புடிச்சிகிச்சி. காலைல பாயிலேந்து எய்ந்து மொத அடி வெச்சா ஆணி குத்தறா மாதிரி இருக்கும். செவுத்த புடிச்சிகினு பத்து அடி நடந்தா கொஞ்சம் உடும். ஓடும்போது தெரியாது, ஓடிட்டு ஒக்காந்து எய்ந்தா மறுபடியும் குத்தும். பதினாலு நிமிசத்துல ஓடனவ பதினஞ்சரைக்கி போயிட்டா.

ஜெயவேலுகிட்ட சொல்லல. வேல இல்லாத நேரத்துல ஆசயா வாங்கினு வந்தவன்கிட்ட எப்பிடி சொல்றது? நகத்துக்கு நெயில் பாலிசு வெச்சி கருப்ப மறச்சிகினா. வூட்ல நொண்டாம நடக்கறதுக்கே தனியா பயக்கம் பண்ணிகினா.

ஆனா மாடிப்படில மாட்டிகினா. ரெண்டாவது மாடில பதுருன்னிசான்னு ஒரு பொண்ணு, செங்கொடி வயசுதான், இன்னும் கண்ணாலம் ஆவல. பெரியமேடு பக்கம் வெளிநாட்டுக்கு ஷூ அனுப்பற கம்பெனில வேல. சாயங்காலம் வேல முடிஞ்சி வந்தவ, செங்கொடி ரெண்டு கொடத்த எத்துகினு ஒவ்வொரு படியா பக்கவாட்டுல எறங்கறத பாத்துட்டு நின்னுட்டா.

"இன்னாடி, நண்டு மாதிரி எறங்கற?"

"ஒண்ணும் இல்ல பதுரு, சுளுக்கு."

"சுளுக்குக்கு யாராச்சும் முன் பாதத்த மட்டும் ஊணி நடப்பாங்களா? குதிகாலுதான? காலைலதான ஜாஸ்தி?"

செங்கொடி கொடத்த எறக்கி வெச்சிட்டா. "ஒனக்கு எப்பிடி தெரியும்?"

"எட்டு மணி நேரம் எனக்கு அதான வேல. போ, தண்ணிய புடிச்சி வூட்ல வெச்சிட்டு மொட்ட மாடிக்கி வா. அந்த ஷூவயும் எத்துகினு வா."

அவ வேல இன்னான்னா, ஷூ போட்டு பாக்கறது. நெசமாத்தான். அவ காலு வெளிநாட்டு கணக்குல முப்பத்தேழு, அச்சு மாதிரி. கம்பெனில புது மாடல் எது செஞ்சாலும் மொத ஜோடி அவ கால்லதான் ஏறும். போட்டுகினு நடப்பா, படி ஏறுவா, எங்க கடிக்கிது, எங்க தொளதொளன்னு கீதுன்னு சொல்லுவா, ஒருத்தரு எய்திகினே இருப்பாரு. அவ சரின்னாதான் மிச்ச ஜோடிங்க மெசின்ல ஏறும்.

மாடில பதுருன்னிசா மொதல்ல ஷூவ எத்து, ரெண்டு கையால துணி புயியறா மாதிரி முறுக்கனா. நல்லா முறுக்கிகிச்சி.

"பாத்தியா? நல்ல ஓட்ற ஷூ வெரலுகிட்ட மட்டும்தான் மடங்கணும். நடுவுல முறுக்கிக்கக் கூடாது. இது ஈரத் துணி." உள்ள கைய வுட்டு குதிகாலு பக்கத்த அமுக்குனா. "இங்க ஸ்பான்ஜே இல்ல, அட்ட. இன்னா நம்பரு?"

"அஞ்சி."

"யாரு சொன்னா?"

"என் நம்பரே அதான். கல்யாணத்துலேந்து."

பதுருன்னிசா சிரிச்சா. பக்கெட்டுல தண்ணி இருந்துச்சி. கால நனச்சி காஞ்ச சிமெண்டு மேல வெய்யின்னா. ரெண்டு பேரும் வெச்சாங்க. பதுரு தடம் நடுவுல வளஞ்சி, ஓரமா ஒரு பட்ட கோடு மட்டும் போட்டாப்புல இருந்துச்சி. செங்கொடி தடம் தோச ஊத்துனா மாதிரி முய்சா பதிஞ்சிருந்துச்சி.

"வளைவே இல்ல ஒனக்கு. சப்ப பாதம். மண்ணுல ஓடனா மண்ணு தாங்கிக்கும். சிமெண்டுல ஓடனா ஷூ தாங்கணும். இது தாங்கல, அதான் அடி பாதம் இய்த்துகினு குதிகால்ல குத்துது." அப்பால நியூஸ் பேப்பர விரிச்சி, அது மேல அவள நிக்க வெச்சி பென்சிலால சுத்தி கோடு போட்டா. ஒக்கார வெச்சி இன்னொரு பேப்பர்ல இன்னொரு கோடு. ரெண்டயும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சி வெளிச்சத்துல காட்டுனா. நின்னுகினு போட்ட கோடு சுத்தி வெளிய வந்துச்சி. அதுலயும் எடது காலு சோத்து கால விட பெருசு.

"இது அஞ்சி இல்லடி. நீளத்துலயே ஆறு. அகலத்துக்கும் முன்னாடி வெரலு எடத்துக்கும் சேத்தா ஏயு."

"ஏயா? அது ஆம்பள நம்பரு. காலு எப்பிடி வளரும், நான் இன்னா கொயந்தயா?"

"கொயந்த பெத்தல்ல? வயித்துல சொமக்கும்போது காலு அகண்டுடும். எல்லாருக்கும் இல்ல, நெறய பேருக்கு. பெத்த அப்பால திரும்பி வராது. எனக்கு மின்ன கம்பெனில மலிகான்னு ஒரு அக்கா இந்த வேல பாத்துகினு இருந்துச்சி. பிரசவத்துக்கு போயிட்டு வந்துச்சி, அளந்து பாத்தா முப்பத்தெட்டு. பேக்கிங் பக்கம் தள்ளி உட்டுட்டாங்க. எங்கம்மா எனக்கு மாப்ள பாக்கும்போதெல்லாம் நான் என் கால பாத்துகினு இருப்பேன்."

செங்கொடிக்கு அப்போதான் தோணிச்சி. மூணு வருசமா ரப்பர் செருப்புல குதிகாலு பின்னாடி வெளிய தொங்கிகினு இருந்துச்சி. கவனிக்கவே இல்ல. செருப்பு தேஞ்சி போச்சின்னு நெனச்சிகினா.

இனிமே மறைக்க முடியாது. அன்னிக்கி சோறு துன்னுகினு இருக்கும்போதே சொல்லிட்டா. ஜெயவேலு கைய தட்லயே வெச்சிகினு கேட்டான்.

"புள்ள பெத்தா காலு வளருமா? இன்னா கத வுடற? அந்த பதுரு சொன்னாளா?"

"நகத்த பாரு மாமா." பாலிச சொரண்டி காட்டுனா.

அவன் பாத்தான். சட்டுனு வேற பக்கம் திரும்பிகினான். "ஏயு நம்பருன்றா. என் காலே ஏயுதான்."

பட்டம்மா அடுப்பாண்டலேந்து, "பொம்பளைக்கி புருசன் அளவு காலா? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க. வெளிய சொல்லாத"ன்னாங்க.

"சிரிக்கட்டும் அத்தே. ஓட்றது ஊரு இல்ல, நானு."

எழில்மொழி அப்பன் கால பாத்து, ஆத்தா கால பாத்து, தன் கால பாத்துகினு இருந்துச்சி. கை கழுவிட்டு வந்த ஜெயவேலு ஷூ டப்பாவ எத்து, "கடைல மாத்துவானா?"ன்னான். ஓடி அயுக்கானத எவன் மாத்துவான்? டப்பாவ பரண் மேல தூக்கி போட்டான்.

மறுநாளு சாயங்காலம் ரெண்டு பொண்ணுங்களும் வண்ணாரப்பேட்டைக்கி போனாங்க. காலைல போவலாம்னு செங்கொடி சொன்னதுக்கு பதுரு ஒத்துக்கல. "காலைல காலு வத்தி இருக்கும். நாளெல்லாம் நின்னு நடந்து வீங்கன அப்பால அளக்கணும். ஓடும்போதும் வீங்கும்ல?"

எம்.சி. ரோட்ல உள்ள போற சந்துல தாவூது பாய் கட. செங்கொடி பொடவைல போயிருந்தா. பாய் பாத்த ஒடனே, "எம்மா, லேடீசு கேன்வாசு இந்த வரிசை. அஞ்சி, ஆறு, அவ்ளோதான்"னாரு.

"ஆம்பளைங்க வரிசைல ஏயு காட்டுங்க பாய்" ன்னா பதுரு.

"யாருக்கு?"

"இவுளுக்கு."

பாய் செங்கொடி மொகத்த பாத்தாரு, கால பாத்தாரு. "தங்கச்சி, ஆம்பள ஷூ போட்டுகினு நடந்தா காலு அப்பிடியே தப்பு தப்புன்னு இருக்கும். லேடீசு ஆறு போடு, கொஞ்சம் புடிக்கும், தளந்துரும்."

"எவ்ளோ நாளுல தளரும்?"

"ஒரு மாசம்."

"அதுக்குள்ள எனக்கு வயசு தாண்டிரும் பாய்" ன்னா செங்கொடி.

பாய்க்கி புரியல, ஆனா ஆம்பள ஷூவ எறக்குனாரு. மொத ஜோடிய பதுரு முறுக்கி பாத்துட்டு திருப்பி குட்தா. ரெண்டாவதையும் முறுக்குனா. மூணாவதுக்கு பாய், "எம்மா, முறுக்குக்கா வந்தீங்க? எண்ணெய் சட்டி வெக்கட்டுமா?"ன்னாரு. பக்கத்து கட ஆளுங்க சிரிச்சாங்க. பதுரு அசரல. மூணாவது முறுக்கிக்கல. முன்னாடி மட்டும் மடங்குச்சி. குதிகாலுக்கு பின்னாடி கீற கப்பு கெட்டியா இருந்துச்சி. உள்ள நடு பாதத்துக்கு மேடா ஒரு தாங்கலு இருந்துச்சி.

"சாக்ஸு போட்டுகினு போடு. ஒக்காந்துகினு இல்ல, நின்னுகினு. குதிகால பின்னாடி நல்லா இட்ச்சி வெச்சிட்டு லேசு கட்டு."

செங்கொடி கட்டுனா. பதுரு குனிஞ்சி ஷூ நுனிய கட்ட வெரலால அமுக்குனா. வெரலுக்கு முன்னாடி ஒரு கட்ட வெரலு அளவு எடம் இருந்துச்சி. ரெண்டு கால்லயும் பாத்தா. எடது காலு பெருசுன்னு எடதுக்கு சரியா வெச்சிகினா.

"இப்போ ஓடு."

"எங்க?"

"தெருவுல."

"பொடவல, இங்கயா?"

"பொடவய தூக்கி சொருகு. யார்டுல நாப்பது ஆம்பளைங்க பாப்பாங்க, அங்க இன்னா பண்ணப்போற?"

செங்கொடி சொருகிகினா. தள்ளுவண்டி பூ விக்கற பாட்டம்மாவ சுத்திகினு அந்த முக்கு வரைக்கும் ஓடிட்டு வந்தா. கால்ல ஆம்பள ஷூ, மேல பொடவ, தலைல மல்லிப்பூ. சந்து முய்க்க நின்னு பாத்துச்சி. ஒருத்தன் விசிலடிச்சான். தாவூது பாய், "கட பேர சொல்லிகினே ஓடும்மா, விளம்பரமாச்சும் ஆவட்டும்"னாரு.

வந்து நின்னா. "பின்னாடி தூக்கல. நடுவுல ஏதோ புடிச்சிகினு கீது. சொகமா கீதா, தொந்தரவா கீதான்னு தெரில."

"தெரியாம இருந்தா சரிதான்" ன்னா பதுரு. "காலு ஷூவ மறந்துரணும்."

பட்டையா சாம்ப கலரு, நீல லேசு. அழகுன்னு சொல்ல முடியாது. வாங்கிகினு வந்துட்டாங்க.

ஓட்டத்துக்கு பதினோரு நாளு இருந்துச்சி. ஒடனே ஓடாத, நாலு நாளு ரெஸ்டு குடுன்னு பதுரு சொல்லிட்டா. வேற ஷூ மாட்டனா வந்த வலி அன்னிக்கே போவாது, நரம்பு ஆறணும். கண்ணாடி பாட்டில்ல பாதத்த உருட்டு, ஐஸு வெய்யின்னா. ஐஸுக்கு எங்க போறது, வூட்ல ஃபிரிட்ஜு இல்ல. ரெண்டு நாளா பொண்டாட்டிகிட்ட பேச்சில்லாம இருந்த ஜெயவேலு, காலைல சைக்கிள் எத்துகினு காசிமேட்டுக்கு போனான். மீனுக்கு போட்ற ஐஸு கட்டி ஒண்ண சாக்குல சுத்தி எத்துகினு வந்து, சுத்தியலால ஒடச்சி, அவ கால புடிச்சி மடில வெச்சிகினு குதிகால்ல வெச்சான். நாலு நாளும் போனான். வூடு முய்க்க மீனு கவுச்சி. பட்டம்மா மூக்க மூடிகினாங்க.

"ஏயு நம்பரா?" ன்னான் மூணாவது நாளு, கால திருப்பி பாத்துகினு.

"ஆமா."

"என் ஷூவ நீ போட்டுகினு போயிடாத. அது பட்டறைக்கி."

அதோட சண்ட முடிஞ்சி போச்சி.

அஞ்சாவது நாளு ஓடனா. பதினாலு நாப்பது. ஏயாவது நாளு பதிமூணு அம்பது. ஒம்போதாவது நாளு பதிமூணு பத்து. காலைல குத்தறது கொறஞ்சிது, போவல. பதிமூணுக்குள்ள ஒரு தபா கூட வரல. அந்த பத்து செகண்டு அப்பிடியே நின்னுகினு இருந்துச்சி.

அந்த நாளும் வந்துச்சி. காலைல எட்டு மணி, யார்டு. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கன கண்டெய்னருங்க, நடுவுல சிமெண்டு. இருவத்தோரு பொண்ணுங்க, எட்டு எடம். செக்யூரிட்டி ஆபீசரு பரசுராமன்னு ஒருத்தரு, கைல விசிலு, வாட்ச்சி. வரிசைல நிக்க வெச்சி ஒவ்வொருத்தி கால்லயும் பாத்துகினு வந்தாரு. செங்கொடிகிட்ட வந்து நின்னுட்டாரு.

"இன்னாம்மா இது? ஆம்பள ஷூ."

"என்துதான் சாரு."

"ஒன்துனா? புருசன் ஷூவா? காயிதத்துல படிக்கலியா? எரவல் ஷூவுக்கு பர்மிசன் இல்ல. தள்ளி நில்லு."

வரிசைய உட்டு வெளிய தள்ளிட்டா அவ்ளோதான். ஆனா செங்கொடி நகரல.

"சாரு, புருசன் காலும் ஏயு, என் காலும் ஏயு. இது என் காலுக்கு அளந்து வாங்கனது. சந்தேகம்னா அமுக்கி பாருங்க."

பரசுராமன் ஒரு அடி பின்னாடி போனாரு. பொம்பள கால அவரு எப்பிடி அமுக்குவாரு? ஆபீசு வாசல்ல பேரு எய்திகினு இருந்த கிளார்க்கு எல்சிய கூப்ட்டாரு. "எல்சி, வந்து பாரு. இந்தம்மா ஏதோ அளவுன்றா."

எல்சி வந்து குனிஞ்சாங்க. செங்கொடியே சொல்லி குட்தா. "மேடம், வெரலு முன்னாடி கட்ட வெரலு வெச்சி பாருங்க. எடம் கீதா? இப்போ பின்னாடி குதிகால்ல ஒங்க வெரல வுடுங்க. போவுதா?"

"போவல."

"நான் எகிறி எகிறி குதிக்கறேன். குதிகாலு தூக்குதா பாருங்க."

குதிச்சா. தூக்கல. எல்சி எய்ந்து, "சாரு, இது இவுங்க காலுக்குதான் கீது. சரியா கீது"ன்னாங்க. அப்பால, அந்த எல்சி மேடம் இருக்காங்களே, அத்தோட உடல. "அப்போ மத்தவங்களயும் இப்பிடியே பாக்கலாமா சாரு?"

பாத்தாங்க. ஒருத்தி ஷூல நுனில பஞ்சு. ஒருத்திக்கி வெரலு மடங்கி கீது. லேடீசு ஷூ, ரோசு கலரு, பாக்க சொந்த ஷூவாட்டம் இருந்த மூணு பேருக்கு எரவல். ஒருத்தி தங்கச்சி ஷூவ போட்டுகினு வந்திருந்தா, பாதி காலுதான் உள்ள கீது. பரசுராமன் நெத்திய தொடச்சிகினாரு. எல்லாரயும் தள்ளனா ஓட்றதுக்கு ஆளு இருக்காது. கடசில பஞ்சு வெச்ச பொண்ணயும் தங்கச்சி ஷூ பொண்ணயும் மட்டும், அடுத்த தபா ஆளு எடுக்கும்போது வேற ஷூவுல வாங்கன்னு அனுப்பிட்டு மிச்ச பேர நிக்க வெச்சாரு. விசிலு ஊதுனாரு.

அஞ்சி ரவுண்டு. மொத ரவுண்டுல பாதி பேரு செங்கொடிய தாண்டி போயிட்டாங்க. அவ அவங்கள தொரத்தல. பதுரு சொன்னா மாதிரி ஒரே சீரா போனா. ரெண்டாவது ரவுண்டுல வெயிலு சிமெண்டுலேந்து மொகத்துல அடிச்சிது. மூணாவதுல மின்ன போனவளுங்க ரெண்டு பேரு ஓரமா ஒக்காந்து ஷூவ அவுத்துகினு இருந்தாளுங்க. நாலாவதுல சோத்து கால் குதிகால்ல லேசா குத்துச்சி, வந்துட்டேன்னு சொல்றா மாதிரி. அவ அத்த கேட்டுகினே ஓடனா. நிக்கல. அஞ்சாவதுல மூச்சி மட்டும்தான் தெரிஞ்சிது, காலு தெரில. கோட்ட தாண்டி கிரேனு நெயலு வரைக்கும் போயி இடுப்ப புடிச்சிகினு நின்னா.

பரசுராமன் வாட்ச்ச பாத்து எல்சிகிட்ட சொன்னாரு. எல்சி எய்திட்டு தலய தூக்குனாங்க.

"பன்னெண்டு அம்பத்தி நாலு."

செங்கொடிக்கி மொதல்ல கேக்கல. திருப்பி சொன்னாங்க. ஆறாவதா வந்திருந்தா. எட்டு பேருல ஒருத்தி. தண்ணி குட்தாங்க, குடிச்சா. ஒரு கையெய்த்து வாங்கிகினாங்க. ஒண்ணாந்தேதி வந்துரணும்னாங்க. சரின்னா. பஸ்ஸுல நின்னுகினேதான் வூட்டுக்கு வந்தா, எடம் கெடைக்கல.

குதிகாலு வலி அத்தோட போயிடல, அத்தயும் சொல்லிடறேன். காலைல மொத அடில குத்தறது அப்பால ஒரு வருசம் இருந்துச்சி, கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சி எப்போ நின்னுச்சின்னு அவுளுக்கே தெரியாது. பதுருன்னிசாவுக்கு அடுத்த வருசம் கண்ணாலம் ஆச்சி. புள்ள பொறந்து திரும்பி வேலைக்கி வந்தா. காலு இன்னா ஆச்சின்னு கேட்டா சிரிப்பா, சொல்ல மாட்டா.

சரி கண்ணுங்களா, இப்போ ஒங்க கத. ஒங்க காலு நம்பரு இன்னான்னு நெனச்சிகினு கீறீங்க, அத்த கடசியா எப்போ அளந்தீங்க? புள்ள பெத்த அப்பால காலு பெருசான பொம்பளைங்க யாருனா கீறீங்களா? ஷூ கடிச்சி, குதிகாலு குத்தி, அப்பால எப்பிடி சரியாச்சி, யாரு சரி பண்ணாங்க? கடைல ஓடி பாத்தவங்க கீறீங்களா, ஆருனா சிரிச்சாங்களா? ஒண்ணும் வுடாம எய்தி அனுப்புங்க. நாலு வரியா இருந்தாலும் பரவால்ல, நான் படிக்கிறேன்.